நட்சத்திரத்தோட வயசை அது போடுற சத்தத்தை வச்சு கண்டுபிடிக்கிறாங்களாம், எப்படிங்க?

கொங்கு_வானம்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் சயின்ஸ் ஆளு இல்லீங்க, பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, அவ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லோணும்னு ராத்திரி உக்காந்து நானும் எதையாவது படிச்சுட்டு கெடக்கேன். போன வாரம் கெப்ளர்-444னு ஒரு நட்சத்திரத்தைப் பத்தி படிச்சோம். அதைச் சுத்தி அஞ்சு கிரகம், அஞ்சுமே பூமியை விட சின்னது, வயசு 1120 கோடி வருசம்னு போட்டிருந்துது. நம்ம சூரியனுக்கே 457 கோடி தான். உடனே இவ "அதெப்படிப்பா தெரியும், பர்த் சர்டிபிகேட்டா வச்சிருக்குது"ன்னு கேட்டா, எனக்கு வாயே வரல.

தேடிப் பாத்தா நட்சத்திரம் அதிருது, உள்ள சத்தம் ஓடுது, அதை வச்சு வயசு எடையெல்லாம் சொல்றாங்கன்னு இருக்கு. சந்தைல தேங்காயைத் தட்டிப் பாத்து வாங்குற மாதிரியான்னு கேட்டா, நானும் ஆமான்னு சொல்லி வச்சுட்டேன். ஆனா எனக்கே உறுத்துது. விண்வெளில காத்தே இல்ல, சத்தம் எப்படி நம்மகிட்ட வரும்? அப்புறம் நூறு ஒளியாண்டு தள்ளி இருக்குறது எவ்ளோ பெரிய டெலஸ்கோப்ல பாத்தாலும் ஒரு புள்ளி தானுங்களே, அது அதிருறதை எப்படிங்க பாப்பாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் பாமரத்தனமா சொல்லுங்க, பார்முலா போட்டா ஓடிருவேன்.

ராத்திரி_ஆந்தை:

சூப்பர் கேள்வி, பொண்ணுக்கு ஒரு சபாஷ் சொல்லிடுங்க சார். தேங்காய் உதாரணம் பாதி சரி. தேங்காயை நாம தட்டணும், நட்சத்திரம் தன்னைத் தானே தட்டிக்குது, அவ்ளோ தான் வித்தியாசம்.

சத்தம் நம்ம கிட்ட வரவே வராது, அதுல சந்தேகமே வேணாம். சத்தம் நட்சத்திரத்துக்கு உள்ள தான். சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்கு மேல்பகுதி உலை கொதிக்கிற மாதிரி எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கு, சூடான வாயு மேல வருது, ஆறிட்டு கீழ போகுது. அந்தக் கொதிப்போட இரைச்சல்ல ஒலி அலை பிறந்து உள்ள பாயுது. உள்ள போகப் போக சூடு ஜாஸ்தி, அதனால ஒலியோட வேகமும் ஜாஸ்தி, அலை வளைஞ்சு திரும்பி மேல வந்துடுது. மேல வந்தா அடர்த்தி சட்டுனு விழுந்துடறதால வெளிய போக முடியாம மறுபடி உள்ள திரும்புது. இப்படி மாட்டிக்கிட்ட அலைகள்ல எதெல்லாம் அந்த உருண்டைக்குள்ள சரியா பொருந்துதோ அதெல்லாம் நிலைச்சு நிக்குது, மத்தது ஒண்ணையொண்ணு அடிச்சு காணாம போயிடுது. புல்லாங்குழல்ல துளைக்குத் தகுந்த சுரம் மட்டும் வர்றது மாதிரி. இந்த அலை மேற்பரப்பைத் தொடும்போது மேற்பரப்பு லேசா மேல கீழ ஆடும், கொஞ்சம் பிரகாசம் ஏறி இறங்கும். நாம பாக்குறது அந்த ஆட்டத்தை, கேக்குறது எதுவும் இல்ல.

முதல்ல இதை சூரியன்ல பாத்தது 1960ல, அமெரிக்கால மவுண்ட் வில்சன்ல ராபர்ட் லேட்டன். சூரியனோட மேற்பரப்பு சுமாரா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல கீழ போய் வருதுன்னு டாப்ளரை வச்சு, அதாவது நம்ம பக்கம் வந்தா வெளிச்சம் லேசா நீலம் பக்கமும் விலகிப் போனா சிவப்பு பக்கமும் நகர்றதை வச்சு, கண்டுபிடிச்சார். அப்புறம் பத்து வருஷம் இதை ஏதோ மேல்தோல் சமாச்சாரம்னு தான் நிறைய பேர் நினைச்சாங்க. 1970ல ரோஜர் உல்ரிச் இது உள்ள அடைபட்ட ஒலின்னு சொன்னார், அவர் சொன்னபடியே அலைகள் வரிசை கட்டி நிக்குறதை 1975ல ஜெர்மன்காரர் டாய்ப்னர் பாத்தார். அப்போ தான் எல்லாருக்கும் பொறி தட்டிச்சு, அலை உள்ள போய்ட்டு வருதுன்னா உள்ள என்ன இருக்குங்குற சேதியும் அதோட சேந்து வருது இல்லையா.

அளவு எவ்ளோ சின்னதுன்னு பாருங்க. ஒரு தனி அதிர்வை எடுத்தா சூரியன் மேற்பரப்பு நகர்ற வேகம் வினாடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர். எறும்பு ஊர்றதை விட கொஞ்சம் வேகம், குழந்தை தவழ்ற வேகம்னு வச்சுக்கோங்க. 14 லட்சம் கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு நெருப்பு உருண்டைல!

புள்ளி சமாச்சாரம் அடுத்து எழுதுறேன், ஆபீஸ் கேப் வந்துடுச்சு.

தாளக்கட்டு:

தேங்காய் உதாரணம் வேணாம் அண்ணே, தேங்காய்ல நல்லது கெட்டது ரெண்டு தான் தெரியும். மிருதங்கம் சொல்லிக் குடுங்க பாப்பாவுக்கு. நான் இருபது வருஷமா வாசிக்கிறவன், பிசிக்ஸ் பிளஸ் டூவோட சரி, ஆனா இந்த விஷயத்தை படிச்சப்போ "அட நம்ம கரணை மாதிரில்ல இருக்கு"ன்னு தோணுச்சு.

வெறும் தோலை இழுத்துக் கட்டி அடிச்சா வர்ற ஒலிகள் சுருதில சேராது, அடி ஒலி 1ன்னா அடுத்தது 1.59 மடங்கு, அதுக்கு அடுத்தது 2.14 மடங்குன்னு கோணலா வரும், அதனால தான் வெறும் பறைத் தோல்ல சுருதி பிடிபடாது. மிருதங்கத்துல வலந்தலைல நடுவுல கருப்பா கரணை வைக்கிறோம்ல, அந்தக் கனம் நடுவுல உக்காந்ததும் அதே ஒலிகள் 1, 2, 3ன்னு ஒழுங்கா வந்து நிக்குது. இதை சர் சி.வி.ராமனே 1920ல ஆராய்ஞ்சு எழுதியிருக்கார். அதே மாதிரி இடந்தலைல கச்சேரிக்கு முன்னாடி ரவையைப் பிசைஞ்சு அப்புவோம், கொஞ்சம் கூட அப்பினா சுருதி இறங்கும், காஞ்சு உதிர்ந்தா ஏறும். கண்ணை மூடிக்கிட்டு கேட்டாலே ரவை பத்தலைன்னு சொல்லிடுவோம். அதாவது நடுவுல என்ன ஒட்டிக்கிட்டு இருக்குன்னு காதுல தெரியுது.

நட்சத்திரத்துலயும் நடுவுல ஏதோ சேந்துக்கிட்டே போகுதாம்ல, அதைத் தான் கேக்குறாங்கன்னு என் புத்திக்கு எட்டினது. தப்புன்னா ஆந்தை சார் திருத்துங்க.

இன்னொண்ணு சும்மா கணக்குப் போட்டேன். சூரியனோட ஆட்டம் உச்சமா இருக்குற இடம் 3.1 மில்லிஹெர்ட்ஸ்னு, அதாவது ஆயிரம் வினாடிக்கு 3.1 ஆட்டம்னு போட்டிருந்தான், அதை லட்சத்தால பெருக்கினா 310 ஹெர்ட்ஸ் வருது. 310ன்னா கிட்டத்தட்ட ரெண்டரைக் கட்டை! லட்சத்தால எதுக்குப் பெருக்கணும்னு கேக்காதீங்க, நமக்குக் கேக்குற மாதிரி வரட்டும்னு தான்.

ராத்திரி_ஆந்தை:

தாளக்கட்டு அண்ணே, ரவை உதாரணம் அட்டகாசம், நான் இதுவரைக்கும் கேட்ட உதாரணத்துலயே இது தான் பெஸ்ட். அப்படியே எடுத்துக்குறேன், இனிமே எனக்குச் சொந்தம்.

சரி கொங்கு சார், புள்ளி விஷயம். சூரியன் பக்கத்துல இருக்கு, வட்டமா தெரியுது, அதனால அதோட மூஞ்சில எந்த இடம் மேல வருது எந்த இடம் கீழ போகுதுன்னு தனித்தனியா பாக்கலாம், லட்சக்கணக்கான அதிர்வு கிடைக்கும். நட்சத்திரம் புள்ளி, மொத்த வெளிச்சமும் ஒண்ணா கலந்து தான் வரும். சின்னச் சின்ன கட்டமா ஆடுற அதிர்வெல்லாம் ஒரு பக்கம் மேல வர இன்னொரு பக்கம் கீழ போக ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், ஒண்ணுமே தெரியாது. பெரிய பெரிய கூறா ஆடுற மூணு நாலு வகை மட்டும் மிஞ்சும். மொத்த நட்சத்திரமும் ஒண்ணா ஊதிச் சுருங்குறது ஒரு வகை, பாதி மேல பாதி கீழன்னு ஆடுறது இன்னொண்ணு, இப்படி. நஷ்டம் மாதிரி தெரியும், ஆனா இதுல ஒரு அதிர்ஷ்டம் பாருங்க, இந்த மிஞ்சின வகைங்க தான் ரொம்ப ஆழமா, மையம் வரைக்கும் போய்ட்டு வர்ற அலை. வயசு தெரியணும்னா மையம் தானே வேணும்.

இது நடக்கும்னு காட்டினது 1979ல பர்மிங்காம் குரூப். சூரியனையே ஒரு புள்ளி மாதிரி மொத்தமா பாத்தாங்க, பொட்டாசியம் ஆவி இருக்குற குப்பி வழியா அந்த வெளிச்சத்தை அனுப்பி டாப்ளர் எடுத்தாங்க, எந்த அதிர்வெண்ல எவ்ளோ ஆட்டம்னு கிராஃப் போட்டா சீப்பு மாதிரி வரிசையா பல் பல்லா அதிர்வு வந்து நின்னுச்சு. ஆனா பெரிய தலைவலி ராத்திரி. சூரியன் மறைஞ்சா டேட்டா அறுந்துடும், தினமும் அறுந்தா ஒவ்வொரு நிஜப் பல்லுக்கும் ரெண்டு பக்கமும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் (பத்து லட்சம் வினாடிக்கு 11.6 ஆட்டம்) தள்ளி ஒரு போலிப் பல் முளைக்கும், வயசுக்கு முக்கியமான சின்ன இடைவெளி (அதைப் பின்னாடி சொல்றேன்) சூரியனுக்கு சுமார் 9 மைக்ரோஹெர்ட்ஸ், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து எது நிஜம் எது போலின்னே தெரியாம குழப்பிடும். அதனால தான் ஒரு பிரெஞ்சு குரூப் தென் துருவத்துக்கே போய் அஞ்சு நாள் சூரியன் மறையாம பாத்துட்டு வந்தாங்க. அப்புறம் உலகத்தைச் சுத்தி ஆறு இடத்துல ஒரே மாதிரி கருவி வச்சு, ஒரு இடத்துல அஸ்தமனம்னா இன்னொரு இடத்துல உதயம்னு 1995ல இருந்து விடாம பாக்குறாங்க, காங்னு பேரு. அந்த ஆறுல ஒண்ணு நம்ம ஊரு, ராஜஸ்தான் உதய்பூர்.

நட்சத்திரத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு டாப்ளர். ஆல்ஃபா சென்டாரி ஏ, நம்ம பக்கத்து வீடு, 4.37 ஒளியாண்டு. 2001ல சிலி நாட்டுல லா சில்லால வெறும் 1.2 மீட்டர் டெலஸ்கோப்ல பாத்து அது சுமார் ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆடுறதை சுத்தமா காட்டிட்டாங்க. இதை உங்க வீட்டு மொட்டை மாடில இருந்தே பாக்கலாம், மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல தெக்க தாழ்வா ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் பக்கத்துல பக்கத்துல நிக்கும், அதுல கிழக்கால இருக்குறது. பொண்ணுகிட்ட காட்டி "இது ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுது"ன்னு சொல்லுங்க, மறக்கவே மாட்டா.

இன்னொரு வழி வெளிச்சத்தோட ஏற்ற இறக்கம். இது தரைல இருந்து பாத்தா வேலைக்கு ஆகாது, நம்ம காத்து மண்டலமே நட்சத்திரத்தை மின்ன வச்சு எல்லாத்தையும் கெடுத்துடும். நீங்க அக்கவுண்ட்ஸ்ங்குறதால இப்படி சொல்றேன், பத்து லட்ச ரூபா பேலன்ஸ்ல நாலு ரூபா கூடிக் குறையுது, அதைக் கண்டுபிடிக்கணும். அவ்ளோ தான் சூரியன் மாதிரி நட்சத்திரத்தோட ஒரு அதிர்வு. அதுக்குத் தான் மேல போகணும். 2006 கடைசில பிரெஞ்சுக்காரங்களோட கோரோ விண்கலம் போச்சு, 2009 மார்ச்ல நாசாவோட கெப்ளர். கெப்ளர் போனதே கிரகம் தேட, ஆனா விடாம வருஷக்கணக்கா ஒரே இடத்தை முறைச்சுப் பாக்குற கேமரான்னா எங்க ஆளுங்களுக்கு லட்டு தானே. 2011லயே சூரியன் மாதிரி சுமார் 500 நட்சத்திரத்துல அதிர்வைப் பாத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி அந்த மாதிரி இருபது முப்பது தேறினாலே பெரிசு.

கொங்கு_வானம்:

பத்து லட்சத்துல நாலு ரூபா, இப்ப புரியுதுங்க. எங்க ஆடிட்டர் அதுக்கும் மேல புடிப்பார்ங்க.

ஆனா அதிர்வு கெடச்சுருச்சுன்னே வச்சுக்குவோம், ஏழு நிமிசம் அஞ்சு நிமிசம்னு, அதுல இருந்து வயசு எங்கிருந்துங்க வருது? ஏழு நிமிசம்னா இத்தனை கோடி வருசம்னு டேபிள் ஏதாச்சும் இருக்குதுங்களா?

ராத்திரி_ஆந்தை:

டேபிள் இல்ல சார், இடைவெளி. அந்தப் பல் வரிசையைப் பாத்தீங்கன்னா வேலிக்குச்சி நட்ட மாதிரி ஒரே இடைவெளில நிக்கும். சூரியனுக்கு இந்த பெரிய இடைவெளி 135 மைக்ரோஹெர்ட்ஸ். இதைத் தலைகீழா போட்டா, அதாவது ஒண்ணை இதால வகுத்தா, சுமார் 7400 வினாடி வரும், ரெண்டு மணி மூணு நிமிஷம். அது என்ன நேரம் தெரியுமா, ஒரு சத்தம் சூரியனோட இந்த விளிம்புல கிளம்பி மையம் வழியா அந்த விளிம்புக்குப் போக ஆகுற நேரம். மேல வினாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்துல கிளம்புற ஒலி மையத்துல 500 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும்.

இந்த இடைவெளி நட்சத்திரத்தோட சராசரி அடர்த்தியோட நேரா கட்டுப்பட்டது, அடர்த்தி இடைவெளியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். இப்போ 16 சிக்னி ஏன்னு ஒரு நட்சத்திரம், சுமார் 70 ஒளியாண்டு, கெப்ளர் ரெண்டரை வருஷம் நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தது, பத்து லட்சத்துக்கு மேல அளவு இருக்கு. அதோட இடைவெளி 103.3. சூரியனோட 135ஆல வகுத்து வர்க்கம் போடுங்க, 0.585. சூரியனோட சராசரி அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.41 கிராம், பெருக்கினா 0.82. தண்ணியை விட கம்மி! 70 ஒளியாண்டு தள்ளி இருக்குற ஒரு புள்ளியோட அடர்த்தி, கால்குலேட்டர்ல ரெண்டு தட்டு.

அதிர்வு எந்த இடத்துல உச்சமா இருக்குங்குறது மேற்பரப்போட ஈர்ப்பைச் சொல்லும். அடர்த்தியும் ஈர்ப்பும் தெரிஞ்சா, நிறத்துல இருந்து வெப்பநிலையும் தெரிஞ்சா, எடையும் அளவும் தனித்தனியா கழண்டு வந்துடும்.

இப்போ வயசு. வேலிக்குச்சிய உத்துப் பாத்தா ஒவ்வொரு பெரிய குச்சி பக்கத்துலயும் ஒட்டின மாதிரி ஒரு சின்னக் குச்சி. பெரியது மொத்தமா ஊதிச் சுருங்குற வகை, அதோட அலை மையத்தைத் தொட்டுட்டுப் போகும். சின்னது வேற வகை, அது மையத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே திரும்பிடும். ரெண்டும் மத்த இடமெல்லாம் ஒரே பாதை மாதிரி, வித்தியாசம் நடு மையம் மட்டும் தான். அப்போ ரெண்டுக்கும் உள்ள சின்ன இடைவெளி எதைப் பத்தி பேசுது? மையத்தைப் பத்தி மட்டும். மையத்துல ஹைட்ரஜன் எரிஞ்சு ஹீலியமா சேந்துக்கிட்டே போகுது, நம்ம சூரியன்லயே மையத்துல ஆரம்பத்துல எடைல 70 சதவீதம் இருந்த ஹைட்ரஜன் இப்போ பாதிக்குப் பாதி தான் மிச்சம். ஹீலியம் கனம், கனமான வாயுல ஒலி மெதுவா போகும், அந்த சின்ன இடைவெளி வருஷம் போகப் போக சுருங்கும். தாளக்கட்டு அண்ணன் சொன்ன ரவை இது தான். ரவை எவ்ளோ சேந்திருக்குன்னு கேட்டு வயசை அளந்துடலாம்.

பழைய_லேப்:

அண்ணே கடைசி வரில ஒரு சின்ன ஆட்சேபணை. "வயசை அளந்துடலாம்"னு எழுதினீங்க, அளக்கல, கணக்குப் போடுறாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, அந்தக் குழந்தைகிட்ட இதைச் சொல்லாம விட்டா பின்னாடி ஏமாந்துடும்.

அளக்குறது அதிர்வெண்ணை மட்டும் தான், அது பிரமாதமா அளக்குறாங்க, பத்தாயிரத்துல ஒரு பங்கு துல்லியம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. வயசு அப்படி வர்றது இல்ல. கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான நட்சத்திரம் செய்றாங்க, வேற வேற எடை, வேற வேற ஆரம்ப ஹீலியம், இரும்பு, வேற வேற வயசு. ஒவ்வொண்ணும் எப்படி அதிரும்னு கணக்குப் போட்டு நிஜ நட்சத்திரத்தோட எது ஒத்துப்போகுதோ அதோட வயசை இதுக்கும் சொல்றாங்க. மாடல்ல உள்ள பிசிக்ஸ் தப்புன்னா வயசும் தப்பு.

தப்பு இருக்கவும் செய்யுது. நட்சத்திரத்தோட மேல்தோல்ல நடக்குற கொதிப்பை யாரும் ஒழுங்கா கணக்குப் போட்டதில்ல, அதனால மாடல் அதிர்வெண் நிஜத்தோட சரியா ஒட்டாது, ஒரு திருத்தத்தைப் போட்டு ஒட்ட வைப்பாங்க. சூரியன்லயே இருக்கு பெரிய சண்டை. 2000த்துக்கு அப்புறம் ஆஸ்ப்ளண்ட் குரூப் சூரியன்ல ஆக்ஸிஜன் கார்பன் எல்லாம் முன்ன நினைச்சதை விட கம்மின்னு புது அளவு சொன்னாங்க. அதைப் போட்டு மாடல் செஞ்சா ஒலி வேகம் அதிர்வுல தெரியுற ஒலி வேகத்தோட ஒத்து வரல. பழைய அளவைப் போட்டா அழகா ஒத்து வருது. எது சரின்னு இன்னும் அடிச்சுக்குறாங்க.

ஆனா திட்டிட்டே இருந்தா நியாயம் இல்ல, இந்தத் துறை ஒரு பெரிய வழக்குல ஜெயிச்சிருக்கு. அமெரிக்கால ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துல ரே டேவிஸ் சூரியனோட நியூட்ரினோவை, அதாவது மையத்துல எரியும்போது பிறந்து எதையும் துளைச்சுட்டுப் போற குட்டித் துகளைப் பிடிக்க உக்காந்தார், கணக்குல சொன்னதுல மூணுல ஒரு பங்கு தான் வந்துச்சு. முப்பது வருஷம் எல்லாரும் சூரியன் மாடல் தப்பு, மையம் நினைச்ச சூடு இல்லன்னு சூரியனைத் திட்டினாங்க. அதிர்வு பாத்தவங்க "மையம் சரியா தான் இருக்கு, ஒலி வேகம் மாடலோட ஒட்டுது, தப்பை வேற இடத்துல தேடுங்க"ன்னு சொன்னாங்க. கடைசில 2001, 2002ல கனடால சட்பரில பாத்தா நியூட்ரினோ வர்ற வழில வேற வகையா மாறிடுது, அதனால தான் கணக்கு குறைஞ்சுது. சூரியன் மேல குத்தமே இல்ல. இன்னொண்ணு, சூரியன்ல கொதிக்கிற பகுதி எங்க முடியுதுன்னு மையத்துல இருந்து 0.713 பங்கு ஆரத்துலன்னு மூணு தசம இடத்துக்கு சொல்றாங்க, அதை உறுதி பண்ணின வேலைல மும்பை டாட்டா இன்ஸ்டிடியூட்டோட ஆன்டியாவும், அங்க படிச்சு வந்த சர்பானி பாசுவும் முக்கியமானவங்க. நம்ம ஆளுங்கன்னு சொல்லிக்க ஒரு ஆசை.

வயசுக்கு ஒரு நல்ல பரிச்சை ஆந்தை சொன்ன அதே 16 சிக்னி தான். அது ஏ, பின்னு ரெட்டை, கூடப் பொறந்தது, வயசு ஒண்ணா தான் இருக்கணும். ரெண்டையும் தனித்தனியா, அது இதோட ஜோடின்னு மாடலுக்குச் சொல்லாம கணக்குப் போட்டப்போ ரெண்டுக்குமே 700 கோடி வருஷத்தை ஒட்டி வந்துச்சு. இதைப் பாத்த அப்புறம் தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பாதி_பைத்தான்:

ப்ரோ நான் இதை வீட்ல செஞ்சு பாத்தேன், ஒரு வாரம் மண்டை காஞ்சு போச்சு, அந்தக் கதையைச் சொல்லிடுறேன் யாராச்சும் என்னை மாதிரி விழாம இருக்கட்டும்.

கெப்ளர் டேட்டா எல்லாமே ஃப்ரீ, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், லைட்கர்வ்னு ஒரு பைத்தான் பேக்கேஜ் இருக்கு, நாலஞ்சு வரில நட்சத்திரத்தோட வெளிச்சத்தைக் கொண்டு வந்து குடுத்துடும். நானும் சூரியன் மாதிரி ஒண்ணை எடுத்து பீரியடோகிராம் (எந்த அதிர்வெண்ல எவ்ளோ ஆட்டம்னு காட்டுற கிராஃப்) போட்டேன், ஒண்ணும் இல்ல, புல்லு மொளைச்ச மாதிரி வெறும் இரைச்சல். வேற நட்சத்திரம், புல்லு. ஃபில்டரை மாத்தினேன், சுத்தம் பண்ணினேன், நாலாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு கிராஃபோட கீழ் அச்சைப் பாத்தா 283 மைக்ரோஹெர்ட்ஸ்லயே முடியுது. நான் தேடுறது 2000, 3000ல! என்னன்னா நான் இழுத்தது அரை மணிக்கு ஒரு தடவை எடுத்த டேட்டா. அஞ்சு நிமிஷத்துல ஆடுறதை அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாத்தா என்னத்த தெரியும். நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்தது தனியா இருக்கு, அது குறைஞ்ச நட்சத்திரத்துக்கு தான் எடுத்திருக்காங்க, தேடி எடுக்கணும்.

அதை எடுத்துப் போட்டதும், ப்ரோ, 2000 பக்கத்துல ஒரு மேடு, மேடு மேல குச்சி குச்சியா. நான் எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி பாத்தேன், அப்பவும் இருந்துச்சு. அம்மா எந்திரிச்சு வந்து "இன்னுமா தூங்கல"ன்னாங்க, "ம்மா இது ஒரு நட்சத்திரத்தோட சத்தம்மா"ன்னேன், ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க.

ஒரு டிப்ஸ், 16 சிக்னியை முதல்ல எடுக்காதீங்க. அது கெப்ளர் கேமராவுக்கு ரொம்ப பிரகாசம், பிக்ஸல்ல வெளிச்சம் வழிஞ்சு ஓடியிருக்கும், தனியா கையாளணும். மங்கலா ஒண்ணு எடுங்க. டெஸ்ல (கெப்ளருக்கு அப்புறம் நாசா அனுப்பின விண்கலம்) பண்றவங்களுக்கு, அதோட லென்ஸ் வெறும் பத்து சென்டிமீட்டர், நல்ல பிரகாசமானது இல்லன்னா வயசாகி ஊதினதுன்னு பாத்து எடுங்க, இல்லன்னா மறுபடி புல்லு தான்.

சிவப்பு_ராட்சசி:

@பாதி_பைத்தான் அந்த அரை மணி டேட்டாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, அதுல தான் எங்க ஆளுங்க இருக்காங்க. சிவப்பு ராட்சச நட்சத்திரம் பெருசா ஊதினதால ரொம்ப மெதுவா ஆடும், மணிக்கணக்குல, சிலது நாள் கணக்குல. அரை மணி டேட்டாவே தாராளம், ஆயிரக்கணக்குல இருக்கு.

இதுல ஒரு அழகான சமாச்சாரம். ரெண்டு ராட்சசி, ஒரே நிறம், ஒரே பிரகாசம், ஒரே அளவு. ஒண்ணு இன்னும் மையத்தைச் சுத்தி ஒரு ஓட்டுல மட்டும் ஹைட்ரஜன் எரிக்குது, இன்னொண்ணு மையத்துல ஹீலியத்தையே பத்த வச்சிடுச்சு. வெளில இருந்து எந்த டெலஸ்கோப்பாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாம இருந்துச்சு. 2011ல பெடிங் குரூப் கெப்ளர் அதிர்வை வச்சு பிரிச்சுட்டாங்க. மையத்துல ஓடுற அலையும் மேல ஓடுற அலையும் கலந்து வர்ற அதிர்வு இருக்கு, அதோட இடைவெளி முதல் வகைக்கு சுமார் 50 வினாடி, ரெண்டாவதுக்கு 100ல இருந்து 300 வினாடி. குழப்பமே இல்ல. அடுத்த வருஷமே பெக் குரூப் இந்த மாதிரி ராட்சசியோட மையம் மேற்பரப்பை விட குறைஞ்சது பத்து மடங்கு வேகமா சுத்துதுன்னு காட்டினாங்க. அதுலயும் சண்டை, ஏன்னா கணக்குப்படி அது இன்னும் எவ்ளோ வேகமா சுத்தணும், யாரோ பிரேக் போடுறாங்க, யாருன்னு தெரியல.

கொங்கு_வானம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி பொண்ணை உக்கார வச்சு மொத்தத்தையும் படிச்சுக் காட்டினேன். ரவை சமாச்சாரம் சட்டுனு புடிச்சுக்கிட்டா. பழைய லேப் சார் சொன்ன அளக்குறது வேற கணக்குப் போடுறது வேறங்குறதை நோட்டுலயே எழுதி வச்சுக்கிட்டா, எனக்கும் அது தான் புடிச்சுதுங்க, எங்க தொழில்லயும் ஸ்டாக் எண்ணுறது வேற மதிப்பு போடுறது வேற.

அப்புறம் கால்குலேட்டரை எடுத்து அவளே 16 சிக்னி பிக்குப் போட்டா. இடைவெளி 116.9ன்னு தேடி எடுத்துக் குடுத்தேன். 135ஆல வகுத்து வர்க்கம் 0.75, 1.41ஆல பெருக்கினா 1.06. "அப்பா, ஏ தண்ணில மிதக்கும், பி முங்கிரும்"ன்னா. சரிங்களா இது?

ராத்திரி_ஆந்தை:

கணக்கு நூத்துக்கு நூறு சார். சராசரி தான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. சூரியனோட சராசரி 1.41, ஆனா நடு மையத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு 150 கிராம், அங்க இருந்து மேல வரவர காத்தை விட லேசாயிடும். அப்புறம் மிதக்குறதுக்கு அவ்ளோ பெரிய அண்டா எங்க கிடைக்கும்னு அவளே அடுத்த கேள்வி கேப்பா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.